பி.சி.ஏ. முதல் வருடம், 2012 அரசு லேப்டாப்: எந்த ஓஎஸ் போடலாம்?

திருமங்கலம்_தையல் (ஞாயிறு, இரவு 9.10)

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் இந்த வருடம் மதுரையில் பி.சி.ஏ. சேர்ந்திருக்கிறாள். பிளஸ் டூவில் காமர்ஸ் படித்தவள். கம்ப்யூட்டரில் டைப் அடிப்பாள், அதற்கு மேல் பழக்கமில்லை. முதல் வருடத்திலேயே சி, பைத்தான் என்ற புரோகிராம் மொழிகள் இரண்டும் வருகிறது என்று பயப்படுகிறாள்.

வீட்டில் இருப்பது என் தம்பி பிளஸ் டூ படித்தபோது 2012-ல் அரசு கொடுத்த லேப்டாப். ஓஎஸ், அதாவது லேப்டாப்பை இயக்குகிற அடிப்படை மென்பொருள், விண்டோஸ் 7. ஆன் செய்தால் திரை வருவதற்குள் ஒரு டீ போட்டுவிடலாம். பக்கத்துக் கடையில் காட்டினேன், "இது குப்பைக்குப் போடுற சாமான், புதுசு வாங்குங்க" என்றார்கள். இன்னொரு கடையில் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம், எல்லாம் ஓடும் என்றார்கள். மகளின் சிநேகிதி லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ்தான் போடவேண்டும் என்கிறாள்.

தைக்கிற காசில்தான் ஃபீஸ் கட்டியிருக்கிறேன். இப்போதைக்குப் புது லேப்டாப் வாங்க வழியில்லை. பிள்ளை படிக்க இதை வைத்து ஏதாவது செய்யமுடியுமா, எந்த ஓஎஸ் அவளுக்குச் சுலபமாக இருக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டவுன்ஹால்ரோடு_சர்வீஸ் (ஞாயிறு, இரவு 9.55)

அக்கா, அந்த லேப்டாப்பைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பதினான்கு வருடமாக இந்த அரசு லேப்டாப்புகளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன். திரையும் கீபோர்டும் நன்றாக இருந்தால் முதல் வருடப் பாடத்துக்கு அது தாராளமாகப் போதும்.

ஆனால் விண்டோஸ் 7 வேண்டாம். அந்தக் காலத்து லேப்டாப்பில் வந்தது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். திரையில் இருக்கிற படத்தைக்கூட மாற்றவிடாத பதிப்பு அது. 32 பிட் மட்டும்தான், 2 ஜிபிக்கு மேல் ரேம் போட்டாலும் எடுத்துக்கொள்ளாது. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு அதற்கு அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிட்டது. பைத்தான் 3.8 வரைதான் அதில் ஏறும், குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுபோனது. வகுப்பில் ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள், வீட்டில் அது ஓடாது. குறை தன்னிடம்தான் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

விண்டோஸ் 11-க்கு முறையாக டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை ப்ராசஸரும் வேண்டும். 2012 மெஷினில் இரண்டும் கிடையாது. சோதனையை ஏமாற்றிப் போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கூடவே காசு கட்டாமல் ஆக்டிவேட் பண்ண கிராக் என்ற திருட்டு மென்பொருளையும் போடுவார்கள். கிராக்கோடு ஏறிய வைரஸைத் துடைக்கச் சொல்லி வாரம் இரண்டு மாணவர்களாவது என் மேஜைக்கு வருகிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

என் யோசனை: லினக்ஸில் மின்ட் என்ற வகை, அதிலும் பழைய மெஷினுக்கு ஏற்ற இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. அதற்கு முன் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். லேப்டாப்பைத் திருப்பி, ரேம் எவ்வளவு என்று ஸ்டிக்கரில் பாருங்கள். சார்ஜரை எடுத்தால் எத்தனை நிமிடம் நிற்கிறது? உள்ளே தம்பியின் ஃபைல் ஏதும் இருக்கிறதா?

மேலூர்_தம்பி (ஞாயிறு, இரவு 10.20)

அக்கா, கடைசிக் கேள்வியை முதலில் பாருங்கள். நான் முதல் வருடம் படிக்கும்போது யூடியூப் பார்த்துவிட்டு காளி லினக்ஸ் போட்டேன். இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க் முழுவதையும் அழிக்கவா என்று கேட்டதைப் படிக்காமல் சரி என்று கொடுத்துவிட்டேன். என் அக்கா கல்யாண ஃபோட்டோக்கள் மொத்தமும் அதில்தான் இருந்தன. வேறெங்கும் காப்பி இல்லை. இன்றைக்கும் அக்கா முகத்தைப் பார்த்து அதைப் பேச முடியவில்லை. ஆகவே முதல் வேலை பென்டிரைவ் வாங்கி இருப்பதை எல்லாம் எடுத்துவைப்பது.

அப்புறம் காளி. காலேஜில் நிறையப் பேர் பாப்பாவிடம் "காளி போடு, கெத்தா இருக்கும்" என்பார்கள். நெட்வொர்க் பாதுகாப்பைச் சோதிக்கிறவர்களுக்குச் செய்த கருவிப் பெட்டி அது. லினக்ஸ் பழகாதவர்களுக்கு ஏற்றதில்லை என்று காளி தளத்திலேயே எழுதியிருக்கிறார்கள். நான் அதைப் படித்தது எல்லாம் போன பிறகு.

வடபழஞ்சி_நிரலர் (திங்கள், காலை 7.30)

எல்லாரும் லினக்ஸ் பக்கம் இழுக்கிறீர்கள். நான் கொஞ்சம் மாறுபடுகிறேன்.

ஐ.டி. வேலையில் எட்டு வருடம் ஆகிறது. புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். ஒரு பிள்ளை பழகவேண்டிய ஓஎஸ் எது என்றால், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிற ஓஎஸ்தான். கல்லூரி லேபில் விண்டோஸ், தோழிகள் எல்லாரிடமும் விண்டோஸ், இவளிடம் மட்டும் லினக்ஸ் என்றால், ஒரு எர்ரர் வந்தால் யாரைக் கேட்பாள்? பிளேஸ்மென்ட் தேர்வுகளுக்கு வேறு ஜன்னல் திறக்கவிடாமல் பூட்டுகிற மென்பொருள் போடச் சொல்வார்கள். அவற்றில் பல லினக்ஸில் ஓடாது.

எட்டு ஜிபி ரேம் உள்ள புது லேப்டாப் என்றால் என் பதில் கண்ணை மூடிக்கொண்டு விண்டோஸ் 11. உள்ளேயே டபிள்யூஎஸ்எல் என்று ஒன்று இருக்கிறது. ஒரே கட்டளையில் விண்டோஸுக்குள் உபுண்டு என்ற லினக்ஸ் வந்து உட்கார்ந்துவிடும். 2016-லிருந்து இருக்கிறது, நான் வேலை செய்வதே அதில்தான். டிஸ்க்கைப் பிரிக்கவேண்டாம், ஃபோட்டோ அழிகிற பயமும் இல்லை.

அக்காவின் மெஷினுக்கு அது ஒத்துவராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த இழையைப் படிக்கிற மற்ற பெற்றோர், நல்ல லேப்டாப்பில் இருக்கிற விண்டோஸை அவசரப்பட்டு அழிக்கவேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். இன்னொன்று, புது லேப்டாப்பில் பக்கத்திலேயே லினக்ஸும் போடப்போகிறவர்கள் முதலில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கிற விண்டோஸ் வசதி) ரிகவரி கீயை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பூட் அமைப்பை மாற்றியதும் 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கும். அது கையில் இல்லையென்றால் உள்ளே இருப்பது உள்ளேயேதான்.

திருமங்கலம்_தையல் (திங்கள், இரவு 8.45)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரேம் 2 ஜிபி. சார்ஜரை எடுத்தால் உடனே அணைந்துவிடுகிறது. தம்பியின் காலேஜ் ஃபோட்டோக்கள் டி டிரைவில் இருந்தன. மகள் ஒரு பென்டிரைவில் எடுத்து, அவனுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். அவன் இப்போது திருப்பூரில் இருக்கிறான். பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தான்.

ஒரு சந்தேகம். நீங்கள் சொன்ன மின்ட் பக்கத்தைப் பார்க்கலாம் என்று ஃபோனிலிருந்து நெட் கொடுத்தோம். நெட் வருகிறது, ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு இல்லை, இணைப்பு தனிப்பட்டதில்லை என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. வைரஸா? லேப்டாப்பே கெட்டுவிட்டதா?

டவுன்ஹால்ரோடு_சர்வீஸ் (திங்கள், இரவு 9.05)

வலது பக்கம் கீழே கடிகாரத்தைப் பாருங்கள் அக்கா. என்ன தேதி காட்டுகிறது?

திருமங்கலம்_தையல் (திங்கள், இரவு 9.08)

2012 ஜனவரி 1.

டவுன்ஹால்ரோடு_சர்வீஸ் (திங்கள், இரவு 9.20)

அதுதான் சங்கதி. பயப்படாதீர்கள். லேப்டாப்புக்குள் ஒரு ரூபாய் நாணயம் அளவு ஒரு பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாதபோதும் தேதியை நினைவு வைத்துக்கொள்வது அதன் வேலை. அது தீர்ந்துபோய்விட்டது. ஒவ்வொரு தளத்துக்கும் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் உண்டு. உங்கள் லேப்டாப் இன்னும் 2012-ல் இருப்பதாக நினைப்பதால், வருகிற சான்றிதழ் எல்லாம் இன்னும் தொடங்கவே இல்லை என்று தள்ளிவிடுகிறது. தேதியைக் கையால் சரிசெய்யுங்கள், உடனே திறக்கும். அந்தப் பேட்டரி சில்லறைக் காசுதான், மாற்றிவிடலாம்.

நீங்கள் மகளோடு ஒருநாள் பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் என் கடை நடக்கிற தூரம். நான் செய்யப்போவது இது: ரேமில் இரண்டாவது ஸ்லாட் காலியாக இருந்தால் பழைய 4 ஜிபி டிடிஆர்3 ஒன்று. சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுற்றாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி ஒன்று. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எஸ்எஸ்டி. டீ போடுகிற நேரம் என்றீர்களே, அதில் பெரும்பகுதி அந்தத் தட்டு சுற்றுவதற்காகக் காத்திருப்பதுதான்.

பழைய டிஸ்க்கை அப்படியே கையில் கொடுத்துவிடுகிறேன். தம்பியின் ஃபைல்கள் அதில் பத்திரமாக இருக்கட்டும்.

அரசுப்பள்ளி_கணினி (திங்கள், இரவு 10.40)

மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் எடுக்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம். இந்த லேப்டாப் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் கொடுத்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை வைத்து நம் நாட்டுக்காகச் செய்தது. ஆன் செய்ததும் இரண்டு வரி வரும், எது வேண்டும் என்று. பிள்ளைகள் எல்லாரும் விண்டோஸைத் தட்டிவிட்டுப் போனார்கள். இரண்டாவது வரியில் என்ன இருக்கிறது என்று அந்த வருடம் நானும் சொல்லிக்கொடுக்கவில்லை, எனக்கே அப்போது தெரியாது. அம்மா, உங்கள் மகள் அந்த இரண்டாவது வரியைப் பதினைந்து வருடம் கழித்துத் திறக்கப்போகிறாள் என்று நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இப்போது வடபழஞ்சி சார் கேட்டதற்கு வருகிறேன். லேபில் ஒன்று, வீட்டில் ஒன்று என்றால் குழம்புவாளே என்பது நியாயமான கேள்வி. ஆனால் குழப்பம் விண்டோஸ், லினக்ஸ் என்பதால் வருவதில்லை. இன்னும் சில லேபுகளில் சி எழுதி ஓட்ட டர்போ சி என்ற பழைய மென்பொருளை வைத்திருக்கிறார்கள், அதனால் வருகிறது. நீல நிறத் திரை, 1980-களின் டாஸ் காலத்துச் சரக்கு. இன்றைய 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடக்கூட ஓடாது, டாஸ்பாக்ஸ் என்று ஒரு பொய்க் கணினிக்குள் வைத்து ஓட்டுகிறார்கள்.

என்ன ஆகும் என்று ஒரு கணக்கோடு காட்டுகிறேன். இன்ட் (முழு எண்) என்று இரண்டு எண் எடுத்து, இரண்டுக்கும் 20000 கொடுத்துக் கூட்டிப் பாருங்கள். லினக்ஸில் சி புரோகிராமை ஓட்ட உதவுகிற ஜிசிசியில் 40000 வரும். டர்போ சியில் மைனஸ் 25536 வரும். டர்போ சியில் இன்ட்டுக்கு இரண்டு பைட் இடம்தான். அதில் 32767 வரைதான் பிடிக்கும், மிஞ்சினால் சுற்றிக்கொண்டு மைனஸ் பக்கம் போய்விடும். ஜிசிசியில் நான்கு பைட். இரண்டு விடையையும் அடுத்தடுத்துப் பார்க்கிற பிள்ளைக்கு நினைவகம் என்றால் என்ன என்று அன்றைக்கே புரிந்துவிடும். ஒன்றை மட்டும் பார்க்கிற பிள்ளைக்கு அது மனப்பாடம்.

ஆகவே மகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். லேப் ரெக்கார்டில் முதல் வரியில் கோனியோ என்று ஒரு ஹெடர் எழுதச் சொல்லலாம். திரையைத் துடைக்க ஒரு வரி, கடைசியில் கீ அழுத்தும்வரை நிற்க கெட்ச் என்று ஒரு வரி. லினக்ஸில் அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று எர்ரர் வரும். அவள் தப்பாக எழுதியதால் இல்லை. அந்த மூன்றும் சி மொழியின் தரத்தில் இல்லாதவை, டர்போ சி தன் வசதிக்கு வைத்துக்கொண்டவை. வீட்டில் அவற்றை எடுத்துவிட்டு, வாய்டு மெயினை இன்ட் மெயின் என்று மாற்றி ஓட்டட்டும். ரெக்கார்டில் ஆசிரியர் கேட்கிறபடி எழுதட்டும். மதிப்பெண்ணும் வேண்டும், பாடமும் வேண்டும்.

பைத்தானில் இந்தத் தொல்லை கிடையாது. மின்ட்டில் பைத்தான் 3 முதலிலேயே இருக்கிறது, எதையும் தரவிறக்க வேண்டாம். முதல் நாள் முதல் நிமிடத்தில் எழுதத் தொடங்கலாம். பள்ளியிலும் பிளஸ் ஒன்னில் 2018-லிருந்து சி++, பிளஸ் டூவில் 2019-லிருந்து பைத்தான் என்று வந்துவிட்ட பாடத்திட்டத்தில், பிள்ளைகள் தடுக்கிவிழுவது எப்போதும் மொழியில் இல்லை, அதைக் கணினியில் ஏற்றுவதில்தான். விண்டோஸில் பைத்தானைப் போடும்போது அடியில் பாத் என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் போட மறந்தால், பைத்தான் என்று டைப் அடித்தவுடன் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும். அந்தக் கட்டத்துக்காக நான் எத்தனை வகுப்பு நேரத்தை இழந்திருக்கிறேன்! தொடக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கு ஓஎஸ் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இது ஒன்றைத்தான்: உட்கார்ந்த அன்றைக்கே அவள் எழுதியது ஓடவேண்டும். ஒரு வாரம் இன்ஸ்டால் செய்வதிலேயே போனால், எனக்கு இது வராது என்ற எண்ணம் உள்ளே இறங்கிவிடும். அதை எடுக்க ஒரு வருடம் ஆகும். பெண் பிள்ளைகளிடம் இதை அதிகம் பார்க்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வடபழஞ்சி_நிரலர் (செவ்வாய், காலை 7.15)

டீச்சர் சொன்ன கடைசிப் பத்திக்கு முன்னால் என் வாதம் நிற்காது. பாத் கட்டம் எங்கள் பயிற்சி அறையிலும் முதல் நாள் காலையைத் தின்கிறது.

லினக்ஸுக்கு ஆதரவாக நானே ஒன்று சேர்க்கிறேன். விண்டோஸில் ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை. லினக்ஸ் பார்க்கும். போன மாதம் ஒரு புதுப் பையன் தன் லேப்டாப்பில் ஓடிய புரோகிராமை சர்வரில் ஏற்றினான், ஓடவில்லை. அரை நாள் தேடினோம். ஒரு ஃபைல் பெயரின் முதல் எழுத்து அங்கே பெரியது, இங்கே சின்னது. சர்வர் லினக்ஸ். உலகத்தில் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பரிலிருந்து முழுக்க லினக்ஸ்தான், நாங்கள் வேலை பார்க்கிற சர்வர்களும் அப்படித்தான். எப்படியும் ஒருநாள் அவள் அங்கே வந்தாகவேண்டும். முதல் வருடமே பழகினால் நல்லதுதான்.

பிளேஸ்மென்ட் தேர்வுக்கு மட்டும் கல்லூரி லேபையோ தோழியின் லேப்டாப்பையோ வைத்துக்கொள்ளலாம். அதற்கு இன்னும் இரண்டரை வருடம் இருக்கிறது.

வில்லாபுரம்_கணக்கு (செவ்வாய், மதியம் 1.30)

ஒரு வரி மட்டும். பி.சி.ஏ.வோடு டேலி என்ற கணக்கு மென்பொருளும் படிக்கிற எண்ணம் இருந்தால் அது விண்டோஸுக்கானது. அதற்காக வீட்டு லேப்டாப்பில் விண்டோஸ் வைக்கவேண்டாம், சொல்லிக்கொடுக்கிற இடத்தில் இருக்கும்.

மேலூர்_தம்பி (செவ்வாய், இரவு 9.00)

அக்கா, லேப்டாப் தயாராகிற வரை பாப்பா சும்மா இருக்கவேண்டாம். ஃபோனில் டெர்மக்ஸ் என்ற ஆப் போட்டால் அதற்குள் பைத்தான், சி இரண்டும் ஓடும். எஃப்-டிராய்ட் தளத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ஒரு ஓடிஜி கேபிளும் பழைய யூஎஸ்பி கீபோர்டும் இருந்தால் விரல் வலிக்காது. நான் ஒரு செமஸ்டர் அப்படித்தான் ஓட்டினேன்.

கணியம் தளத்தில் லினக்ஸ், பைத்தான் எல்லாம் தமிழில் இலவசமாக இருக்கின்றன. புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது அல்லவா, வாரக் கடைசியில் நான் அங்கேதான் இருப்பேன். பாப்பாவையும் ஒருமுறை கூட்டிப்போங்கள்.

திருமங்கலம்_தையல் (சனி, இரவு 8.30)

இன்றைக்கு மகளோடு டவுன்ஹால் ரோடு போய் வந்தேன். கடைத் தம்பி எங்கள் கண் முன்னாலேயே திறந்து காட்டினார். உள்ளே பஞ்சு மாதிரி தூசி, பிரஷ் வைத்துத் துடைத்தார். ரேம், எஸ்எஸ்டி, அந்தச் சின்ன பேட்டரி மூன்றும் போட்டும், புது லேப்டாப் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. பெரிய பேட்டரி இப்போது வேண்டாம், தைக்கிற இடத்தில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்றதும், சரி, அப்புறம் பார்க்கலாம் என்றுவிட்டார். தேவையில்லாததை வாங்கச் சொல்லவில்லை.

முதலில் பென்டிரைவிலேயே மின்ட்டை ஓட்டிக் காட்டினார். லேப்டாப்பில் எதையும் மாற்றாமல் அப்படி ஓட்டிப் பார்க்கலாமாம். பாட்டு கேட்கிறதா, கேமரா வருகிறதா, வைஃபை வருகிறதா என்று ஒவ்வொன்றாக மகளையே பார்க்கச் சொன்னார். வைஃபை மட்டும் வரவில்லை. அவர் பதறவில்லை. ஃபோனை கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங் போட்டார், நெட் வந்தது. அதன் பிறகு இன்ஸ்டால் செய்து, டிரைவர் மேனேஜர் என்று ஒன்றைத் திறந்து ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்தார், அணைத்துப் போட்டதும் வைஃபை வந்துவிட்டது.

வீட்டில் ஆன் செய்தேன். அடுப்பு பற்றவைப்பதற்குள் திரை வந்துவிட்டது.

டவுன்ஹால்ரோடு_சர்வீஸ் (சனி, இரவு 9.15)

பாப்பா நன்றாகக் கேள்வி கேட்கிறாள் அக்கா. இன்ஸ்டால் செய்தது பாதிக்கு மேல் அவள்தான், நான் பக்கத்தில் நின்றேன்.

மற்றவர்களுக்காக வைஃபை விஷயம்: பழைய லேப்டாப்புகளில் பிராட்காம் நிறுவனத்து வைஃபை சிப் இருந்தால் இப்படி ஆகும். அதை இயக்குகிற சின்ன மென்பொருளான டிரைவர் தனியாக ஏற்றவேண்டியது. டிரைவரை எடுக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும் என்று பலர் அங்கேயே நின்று லினக்ஸை விட்டுவிடுகிறார்கள். ஃபோன் கேபிளை மறக்காதீர்கள். செருகினால் லினக்ஸ் அதை வயர் நெட்வொர்க் என்று உடனே எடுத்துக்கொள்ளும்.

நான் போட்டது மின்ட் 22 வரிசை. 2029 வரை அப்டேட் வரும், அதற்குள் பாப்பா டிகிரி முடித்துவிடுவாள். பிரவுசரில் இருபது டேப் திறந்துவைக்கவேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ மாதிரி கனமான சாமான்கள் இதில் ஓடாது, அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

திருமங்கலம்_தையல் (அடுத்த வியாழன், இரவு 10.05)

மகள் எழுதுகிறேன். அம்மா கணக்கில்தான் வந்திருக்கிறேன். அண்ணன், டீச்சர், எல்லாருக்கும் வணக்கம்.

ஐந்து நாளாகத் தினமும் எழுதிப் பார்க்கிறேன். கல்லூரியில் கொடுத்த கூட்டல் கழித்தல் எல்லாம் ஓடிவிட்டது. அதனால் அம்மாவின் கூலிக் கணக்குக்கு ஒரு புரோகிராம் எழுதலாம் என்று தொடங்கினேன். இன்றைக்கு எத்தனை ரவிக்கை என்று கேட்கும், எண்ணைக் கொடுத்தால் 120-ஆல் பெருக்கிச் சொல்லும். 7 என்று கொடுத்தேன். 840 வரும் என்று பார்த்தால் திரை முழுவதும் 7777 என்று ஓடியது. எண்ணிப் பார்த்தேன், சரியாக 120 ஏழு இருந்தது.

ரொம்ப நேரம் யோசித்தேன். நான் அடித்த 7-ஐ அது எண்ணாக எடுக்கவில்லை, எழுத்தாக எடுத்திருக்கிறது. எழுத்தைப் பெருக்கு என்றால் அத்தனை முறை எழுதிவிடுகிறது. இன்ட் என்று சுற்றிப் போட்டதும் 840 வந்துவிட்டது. சுடிதார் 3, ஒன்றுக்கு 250, அது 750. இரண்டும் சேர்த்து 1590. அம்மா நோட்டில் எழுதியிருந்ததும் 1590. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒரு சந்தேகம் டீச்சர். பைத்தானில் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்று மேலூர் அண்ணன் சொன்ன தளத்தில் படித்தேன். ரவிக்கை, கூலி என்றே வைத்தேன், ஏற்றுக்கொண்டது. ஆனால் கட்டளை அடிக்கிற டெர்மினல் ஜன்னலில் விடை வரும்போது மொத்தம் என்ற சொல்லில் கொம்பும் காலும் மகரத்தை விட்டு விலகி நிற்கின்றன. நான் தப்பாக டைப் அடித்திருக்கிறேனா?

அரசுப்பள்ளி_கணினி (வியாழன், இரவு 10.50)

நீ சரியாகத்தான் அடித்திருக்கிறாய் கண்ணு. அந்த 120 ஏழை எண்ணிப் பார்த்தாய் அல்லவா, அதை விடாதே. பல பிள்ளைகள் அந்த இடத்தில் ஃபைலை மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

டெர்மினல் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அளவு கட்டம் போட்டு வைத்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு அது போதும். நம் எழுத்தில் கொம்பு முன்னால் போகவேண்டும், கால் பின்னால் வரவேண்டும், மூன்றும் சேர்ந்து ஒரே எழுத்து. அந்தச் சேர்க்கையை மின்ட்டில் வருகிற டெர்மினல் சரியாகச் செய்வதில்லை. உன் புரோகிராமில் தப்பில்லை, காட்டுகிற இடத்தில்தான் குறை. கான்சோல் என்று ஒரு டெர்மினல் இருக்கிறது, அதில் இதைவிட நன்றாக இருக்கும். இல்லையென்றால் விடையைத் திரையில் அச்சிடுவதற்குப் பதிலாக ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதச் செய். அதை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் மொத்தம் மொத்தமாகவே இருக்கும்.

ஃபைலைத் திறக்கும்போது ஏ என்ற முறையில் திற. டபிள்யூ போட்டால் நேற்றைய கணக்கு அழிந்துபோகும்.

திருமங்கலம்_தையல் (வெள்ளி, காலை 6.20)

அம்மா எழுதுகிறேன். ராத்திரி பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்து ஃபைலில் வரவைத்துவிட்டாள். தேதி, ரவிக்கை, சுடிதார், மொத்தம் எல்லாம் சுத்தத் தமிழில் வருகிறது. ஓரம் அடிப்பது, கொக்கி வைப்பது இரண்டையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். யார் யார் பாக்கி தரவேண்டும் என்ற பட்டியலும் வேண்டும் என்றேன், அதற்கு டிக்‌ஷனரி என்று ஒரு பாடம் இருக்கிறதாம், அடுத்த வாரம் நடத்துவார்கள் என்கிறாள்.